விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே

எமது பாடசாலையிற் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தோடு இப்பேச்சைத் தொடங்குகின்றேன். ‘கௌ’ என்னும் எழுத்தில் தொடங்கும் பெயருடைய மாணவி ஒருத்தி, தன் அனுமதிப் பதிவின் பிரதியொன்றைக் கேட்டு அலுவலகத்திற்கு வந்தாள். இலிகிதர் அவள் பெயரைக் கணினியில் அடித்துத் தேடினார். அப்படியொரு பெயர் பதிவில் இல்லையென்று கணினி விடை கூறிற்று. பதிவிலிருந்து முன்பு அச்சிட்டு வைத்த தாளை எடுத்துப் பார்த்தோம். பெயர் அங்கே தெளிவாக இருந்தது. தாளில் இருந்த பெயருக்கும், திரையில் இலிகிதர் அடித்த பெயருக்கும் எள்ளளவும் வேறுபாடு காணோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய பெயரைக் கணினி மாத்திரம் இரண்டென்று கொண்டது. “ஏழு வருசமாய் இங்கேதான் படிக்கிறன், சேர்,” என்று அந்தப் பிள்ளை கண் கலங்கிக் கூறியது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

இதற்குக் காரணம் தேடிப் புறப்பட்ட எனக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு எதிர்ப்பட்டது. விசைப்பலகையில் விரல் படுவதற்கும் திரையில் எழுத்துத் தோன்றுவதற்கும் நடுவே நிகழ்வது யாது என்பதே அவ்வரலாறு. கணினியில் ஒரு வரியேனும் தமிழில் எழுத விரும்பும் எவருக்கும் அது பயன்படுமாதலின், நேயர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1874-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தபொழுது, விசையும் எழுத்தும் ஒன்றாகவே இருந்தன. விசையை அழுத்தினால் அதனோடு பிணைந்த இரும்புக் கரம் எழுந்து தாளில் அறையும். கரத்தின் நுனியில் எவ்வெழுத்து வார்க்கப்பட்டிருந்ததோ அதுவே பதியும். இருபத்தாறு எழுத்துக்களுடைய ஆங்கிலத்திற்கு இவ்வேற்பாடு முற்றிலும் பொருந்திற்று. பிரெஞ்சு முதலிய மொழிகள் உயிரெழுத்தின் தலைமேற் குறியிடும் வழக்கமுடையன. அவற்றிற்காக, அடித்தபின் தாளைத் தாங்கிய வண்டி நகராது நிற்கும் விசையொன்றை அமைத்தனர். முதலிற் குறி விழும். அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியின் கீழ் அதே இடத்தில் விழும். தமிழில் இதனை நகரா விசை என்பர்.

தமிழின் 247 எழுத்துக்களை நாற்பது சொச்சம் விசைகளில் அடக்குவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர், 1886-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தொழில் பார்த்த ஆர். முத்தையா அவர்கள். எழுத்துக்களை முழுமையாக வைக்க இடமில்லாமையால் அவற்றை உறுப்புக்களாகப் பிரித்தார். கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, ககரம் ஒரு விசை. புள்ளி போன்ற குறிகளுக்கு நகரா விசை. ‘கோ’ என்று அச்சிட வேண்டின் இரட்டைக் கொம்பை அடித்து, பின்னர்க் ககரத்தை அடித்து, ஈற்றிற் காலை அடித்தல் வேண்டும். கையால் எழுதும் ஒழுங்கும் இதுவேயாதலின், எழுதத் தெரிந்தவர் எளிதிற் பழகிக்கொண்டனர்.

இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். அப்பொறிக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தவை வடிவங்களே. கொம்பையும் ககரத்தையும் காலையும் ஓரெழுத்தாகச் சேர்த்துப் படித்தவை நம் கண்களே. ஔகாரத்தின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே வடிவினவாதலால் இரண்டிற்கும் ஓர் அச்சே போதுமாயிருந்தது. ஒரு விசை மீந்தது, யாருக்கும் நட்டமில்லை. அந்தச் சிக்கனம் எங்கள் மாணவியைப் பின்னாளில் அலையவைக்குமென்று அக்காலத்தில் எவர் நினைத்திருப்பார்?

இனி யப்பானுக்குச் செல்வோம். ஏனெனில், விசைக்கும் எழுத்துக்கும் இருந்த பிணைப்பு அங்கேதான் முதன்முதலிற் பெரிய அளவில் அறுக்கப்பட்டது. யப்பானியர் தம் மொழியின் ஒலிகளைக் குறிக்கும் கானா எழுத்துக்களோடு, சீனத்திலிருந்து பெற்ற காஞ்சி எழுத்துக்கள் பல்லாயிரத்தையும் வழங்குபவர்கள். 1915-ஆம் ஆண்டிற் சுகிமொட்டோ கியோட்டா என்பார் ஏறத்தாழ 2,400 எழுத்து அச்சுக்களை ஒரு தட்டில் அடுக்கி யப்பானியத் தட்டச்சுப் பொறியை அமைத்தார். அடிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் தட்டிலே தேடிப் பிடித்து அறைதல் வேண்டும். ஆங்கிலத் தட்டச்சாளரின் வேகம் அவர்களுக்குக் கனவாகவே இருந்தது.

1978-ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனம் மோரி கெனிச்சி என்பார் தலைமையில் உருவான ஒரு சொற்செயற் பொறியை அறிமுகப்படுத்திற்று. அதன் விலை 63 இலட்சம் யென். நிறை 220 கிலோகிராம். ஒரு மேசையளவு பெரிய அப்பொறி செய்த புதுமை யாது? அடிப்பவர் சொல்லின் ஒலியை மாத்திரம் கானா எழுத்துக்களால் அடிப்பார். பொறி தன் அகராதியைப் புரட்டி, அவ்வொலிக்கு உரிய காஞ்சி எழுத்துக்களைத் தேடித் தரும். ஒரே ஒலிக்குப் பல சொற்கள் இருப்பின் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும். அடிப்பவர் வேண்டியதைத் தெரிந்துகொள்வார். அடித்தது வேறு, எழுத்தாக வந்தது வேறு. இரண்டிற்கும் நடுவே கேட்டு, எண்ணி, வினாவி விடையளிக்கும் ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார்.

அவரை நான் துவிபாஷி என்று அழைப்பேன். பிரித்தானியர் காலத்துக் கச்சேரிகளிலே, அரசாங்க ஏசண்டுக்கும் ஊரவருக்கும் நடுவே துவிபாஷி முதலியார் நிற்பார். ஊரவர் சொல்வதை முற்றாகக் கேட்டு, ஐயமிருந்தால் மறுபடி வினவி, பின்னரே துரையிடம் உரைப்பார். அவர் வாய் திறக்குமுன் துரை தீர்ப்பளித்துவிட்டால் நீதி பிழைத்துவிடும். கணினியில் இப்பணியைப் புரிவதையே உள்ளீட்டு முறை என்கின்றோம்.

இப்பொழுது கணினியின் உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். விசைப்பலகை கணினிக்கு எழுத்து எதனையும் அனுப்புவதில்லை. இத்தனையாம் விசை அழுத்தப்பட்டது, இத்தனையாம் விசை விடப்பட்டது என்று எண்களையே அனுப்புகின்றது. அவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்பதை ஓர் அட்டவணை தீர்மானிக்கின்றது. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் மொழிகளுக்கு அட்டவணையே போதும், துவிபாஷி வேண்டியதில்லை. பல விசை சேர்ந்து ஓரெழுத்தாகும் மொழிகளுக்கோ, அடுத்த விசை வரும்வரை பொறுத்திருக்க ஒருவர் தேவை.

யன்னல் போன்ற சட்டங்களும் பொத்தான்களும் எழுதும் பெட்டிகளும் கொண்ட திரைகள் 1980-களிற் பரவலாயின. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் எக்ஸ் சாளர முறைமை தோன்றிற்று. 1991-இல் வெளியான அதன் பதினோராம் பதிப்பின் ஐந்தாம் வெளியீட்டில் உள்ளீட்டு முறைக்கென ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. 1994-இல் ஆறாம் வெளியீட்டில் அது சீர்செய்யப்பட்டது. துவிபாஷியானவர் தனியான ஒரு செயலியாக வெளியே நிற்கலாம் என்பது அவ்வொழுங்கின் சிறப்பு. கடிதம் எழுதும் செயலிக்கு யப்பானியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துவிபாஷியை மாற்றினால் மொழி மாறிவிடும்.

எனினும், செயலி எழுதுவோர் ஒவ்வொருவரும் துவிபாஷியோடு பேசும் முறையைத் தாமே கற்று எழுதவேண்டியிருந்தால், பலர் அதனைச் செய்யாது விட்டுவிடுவர். இவ்விடத்திலேதான் கருவித்தொகுதிகள் கைகொடுத்தன. வீடு கட்டுவோர் கதவையும் யன்னலையும் தச்சுப் பட்டறையில் ஆயத்தமாக வாங்குவதுபோலச் செயலி எழுதுவோர் பொத்தான்களையும் எழுதும் பெட்டிகளையும் ஆயத்தமாகப் பெறும் இடமே கருவித்தொகுதி. நோர்வே நாட்டவர் இருவர் ஆக்கிய கியூட் என்னும் தொகுதி 1995-இல் வெளியாயிற்று. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் படம் வரையும் செயலியொன்றிற்காகத் தொடக்கிய ஜீ.ரீ.கே. என்னும் தொகுதியின் முதற் பதிப்பு 1998-இல் நிறைவுற்றது. 2002-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், துவிபாஷிகளை வேண்டியவாறு செருகவும் கழற்றவும் வழி செய்யப்பட்டது. எழுதும் பெட்டியை அத்தொகுதியிலிருந்து பெறும் ஒவ்வொரு செயலிக்கும் துவிபாஷியின் துணை தானாகவே கிடைத்தது.

எழுதும் பெட்டிக்கும் துவிபாஷிக்கும் இடையே சில ஒழுக்கங்கள் உள. விசை எதுவாயினும், “இது உமக்கு உரியதோ?” என்று பெட்டி முதலில் துவிபாஷியை வினவுதல் வேண்டும். அவர் ஆமென்றால் பெட்டி அவ்விசையைத் தொடலாகாது. இன்னும் முடிவாகாத எழுத்துக்களைத் துவிபாஷி தரும்பொழுது, அவற்றைப் பெட்டி அடிக்கோடிட்டுக் காட்டுதல் வேண்டும். அவை வரைவேயன்றி எழுத்தாகிவிடவில்லை. திரையில் எழுத்து விழும் இடம் யாதென்பதைத் துவிபாஷிக்கு அறிவித்தல் வேண்டும். தெரிவுக்குரிய சொற்பட்டியலை அவர் அவ்விடத்தின் அருகே விரிப்பார். முடிந்த முடிபாக அவர் தரும் எழுத்தை ஏற்று வரைவை நீக்குதல் வேண்டும். எழுதுபவர் வேறு பெட்டிக்குச் சென்றுவிட்டால் அதனையும் சொல்லுதல் வேண்டும். இல்லையேல் பாதிச் சொல் அந்தரத்தில் நிற்கும்.

இவ்வொழுக்கம் தவறினால் விளைவு கண்கூடு. யப்பானியர் தாம் தெரிந்த சொல்லை உறுதிசெய்ய நுழைவு விசையை அடிப்பர். பெட்டி துவிபாஷியை வினவாது அவ்விசையைத் தானே எடுத்துக்கொண்டால், பாதி எழுதிய செய்தி அப்படியே அனுப்பப்பட்டுவிடும். ஆங்கிலம் மாத்திரம் அறிந்தோர் எழுதிய செயலிகளில் இத்தவறு மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளது. காத்திருக்கும் தேவை தம் மொழியில் இல்லாமையால், பிறர் காத்திருப்பர் என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

தமிழ் இக்கதையில் எவ்வாறு புகுந்தது? தொடக்கத்தில் நாம் துவிபாஷியைத் தேடவில்லை, கணினியை ஏமாற்றினோம். ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் எழுந்தன. இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி அவற்றுள் ஒன்று. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி தன்னுள்ளே ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே எழுதிக்கொள்ளும். அவ்வெழுத்துரு இல்லாதவர் கையிற் கடிதம் சேர்ந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களையே அவர் காண்பார். முத்தையா அவர்களின் பொறியைப் போலவே இங்கும் இயந்திரம் வடிவத்தை அறிந்தது, மொழியை அறியவில்லை.

1991-இல் வெளியான யுனிகோட் நியமம் இந்நிலையை மாற்றிற்று. ககரத்திற்கு 2965, புள்ளிக்கு 3021, ஒற்றைக் கொம்புக்கு 3014 எனத் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் கிடைத்தது. அந்நியமத்தில் எழுத்துக்கள் ஒலிக்கும் ஒழுங்கில் வைக்கப்படும். ‘கெ’ என்பதில் நாம் கொம்பை முன்னே எழுதினாலும், கணினி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைத்துக்கொள்ளும். திரையில் வரையும்பொழுது மாத்திரம் கொம்பை முன்னே இடும். இலக்கணப்படி இது சரியே. ஆயின், தட்டச்சிற் பழகிய விரல் முதலிற் கொம்பையே அடிக்கும். எனவே, கொம்பை வாங்கி வைத்துக்கொண்டு, ககரம் வரும்வரை காத்திருந்து, இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார். தமிழுக்கும் துவிபாஷி வேண்டியதாயிற்று.

வேறு பலகைகளிலும் அவர் தேவைப்பட்டார். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ககரத்தை இருமுறை அடித்தால் முதற் ககரத்திற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும் அவ்வாறே. நாம் வகுப்பறையிற் கற்பிக்கும் இன எழுத்து விதியைத் துவிபாஷியும் கற்றிருக்கின்றார் எனலாம். ஆங்கில விசைகளால் ஒலிப்படி எழுதுவோர் ஏ, எம், எம், ஏ, ஏ என்று அடிக்க, திரையில் அ, அம், அம்ம், அம்ம, அம்மா என்று சொல் வளரும். ஒவ்வோர் அடியிலும் முன்னர் எழுதியது அழிந்து புதிதாக எழுதப்படுகின்றது. அழித்தெழுத இடங்கொடுக்கும் பெட்டி இல்லாவிடின் இது நடவாது.

அந்த இடத்தைத் திறந்து வைத்தவர் யாவர்? பெரும்பாலும் யப்பானியரும் சீனரும் கொரியருமே. அவர்கள் எழுத்தின் நெருக்கடி, செயலிகளைக் காத்திருக்கப் பழக்கிற்று. அவ்வாயிலினூடாகவே பல கணினிகளில் தமிழும் உட்புகுந்தது. யப்பானின் தேசிய ஆய்வு நிறுவனமொன்றில் உருவான எம்17என் என்னும் பன்மொழித் தொகுதியில், தமிழ்99 பலகைக்கும் ஒலிமுறைப் பலகைக்கும் அட்டவணைகள் உள. இலங்கையில் வழங்கும் ரங்கநாதன் விசைப்பலகைக்கும் அங்கே ஓர் அட்டவணை உண்டு. 2008-இல் இலங்கைத் தர நிர்ணய நிறுவனம் தமிழ்க் குறிமுறைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தை வகுத்தது.

இனி எங்கள் மாணவியிடம் மீள்வோம். யுனிகோட்டில் ஔகாரக் குறிக்கு 3020 என்று தனி எண் உண்டு. ளகரத்திற்கு எண் 2995. பெயரைப் பதிவேற்றியவர் தட்டச்சுப் பழக்கத்தினால் கொம்பும் ககரமும் அடித்து, ஈற்றில் ளகரத்தை அடித்திருக்கின்றார். தேடியவர் ஔகாரக் குறியை முறைப்படி அடித்திருக்கின்றார். தாளில் இரண்டும் ‘கௌ’ போலவே தோன்றும். கணினிக்கோ முன்னது ‘கெ’ என்ற ஓரெழுத்தும் ‘ள’ என்ற மற்றோரெழுத்துமாகும். அகரவரிசையிலும் அப்பெயர் தன் இடத்தில் நில்லாது, ‘கெ’ வரிசையிற் போய் ஒளிந்திருந்தது.

துவிபாஷியே இதனைத் திருத்தலாகாதோ என்று நேயர்கள் வினவலாம். கெளிறு என்றும் கெளுத்தி என்றும் நம் மீனவர் மீன்களுக்குப் பெயர் வழங்குகின்றனர். கொம்பும் ககரமும் ளகரமும் வந்தவிடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் அம்மீன்கள் பெயரிழந்துவிடும். எழுதுபவர் எண்ணியது எழுத்தா குறியா என்பதை அவரே சொல்லுதல் வேண்டும்.

அதனை அறிய எளிய வழியொன்று உண்டு. கௌரி, கௌதமன், சௌந்தரி, மௌனகுரு போன்ற பெயர்களை அடித்தால், முதலெழுத்தை அடுத்துச் சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான செயலிகளில், ‘க’ எஞ்சினால் எழுதியது சரி. ‘கெ’ எஞ்சினால் அங்கே இருந்தது ளகரம். எங்கள் இலிகிதர் அன்று மாலை இவ்வாறு பதிவேடு முழுவதையும் பார்த்தார். அம்மாணவியின் பெயரோடு வேறு சில பிள்ளைகளின் பெயர்களும் அவ்வாறே ஒளிந்திருக்கக் கண்டு, யாவற்றையும் திருத்தினார். அவள் மறுநாட் காலையில் வந்து பிரதியைப் பெற்றுச் சென்றாள்.